காலையில் மட்டும் அடம்பிடிக்கும் பழைய கார்: பார்ட்ஸ் மாற்றும் முன் நீங்களே செய்யக்கூடிய 5 சோதனைகள்

ராத்திரி நன்றாக ஓடி வந்த கார், காலையில் சாவியைத் திருப்பினால் ‘கிர்ர்... கிர்ர்...’ என்று இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ முக்கி முனகி ஸ்டார்ட் ஆகிறது. ஆபீஸ் போகிற வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்துகிறீர்கள். அவர் சாவியைத் தொட்டதும் அரை விநாடியில் ஸ்டார்ட்! “நல்லாத்தானே இருக்கு?” என்று உங்களை ஏற இறங்கப் பார்க்கிறார்.

அவர் சொல்வது பொய்யில்லை. அவர் பார்த்தது சூடான இன்ஜினை. இந்தக் கோளாறு ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் முகம் காட்டும். இரவு முழுக்க நின்ற பிறகு போடும் முதல் ஸ்டார்ட்டில் மட்டும். அந்த முதல் பத்து விநாடிக்குச் சாட்சி நீங்கள்தான்.

உங்கள் சாட்சியம் தெளிவாக இல்லையென்றால் மெக்கானிக்குக் கைவசம் இருப்பது யூகம் மட்டுமே. “பிளக் மாத்திப் பார்ப்போம்”, “பேட்டரி வீக்கா இருக்கும்”, “பம்ப் போயிருக்கும்” என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பில் ஏறும். மறுநாள் காலையில் அதே ‘கிர்ர்...’ கேட்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஐந்து காலைகள், ஒரு காலைக்கு ஒரு சோதனை. தேவைப்படுவது உங்கள் காது, உங்கள் போன், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். ஸ்பேனரே தொடாமல் முதல் மூன்றையும் முடித்துவிடலாம்.

சென்னையில் ஏது ‘கோல்டு’?

கோல்டு ஸ்டார்ட் என்றதும் பனி பெய்யும் ஊர்களின் பிரச்சினை என்று தோன்றும். இன்ஜினைப் பொறுத்தவரை குளிர் என்பதற்கு அர்த்தமே வேறு. ஓடும்போது இன்ஜினைச் சுற்றி வரும் கூலன்ட்டின் வெப்பம் சுமார் 90 டிகிரி செல்சியஸ். இரவு முழுக்க நின்றால் அது வெளிக்காற்றின் வெப்பத்துக்கு இறங்கிவிடும். மே மாதச் சென்னையில் அது 28 டிகிரியாக இருக்கலாம். மார்கழியில் கோவையில் 20 டிகிரிக்குக் கீழே போகலாம். உறைபனி விழும் நாளில் ஊட்டியில் பூஜ்யத்தை ஒட்டி நிற்கலாம். 90 டிகிரியில் வேலை செய்கிற இன்ஜினுக்கு இவை எல்லாமே குளிர்தான்.

அப்படி என்ன சிக்கல்? பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் பற்றும். குளிர்ந்த இன்ஜினில் இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலில் பெரும்பகுதி, காற்று போகும் குழாயின் சுவரிலும் வால்வின் பின்பக்கத்திலும் ஈரமாகப் படிந்துவிடுகிறது. ஆவியாவது கொஞ்சம்தான். அதனால் முதல் சில விநாடிகளுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு பெட்ரோல் தேவை.

வீட்டில் அம்பாசிடரோ பத்மினியோ ஓட்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். “சோக்கை இழுத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்” என்பார்கள். கார்புரேட்டருக்குள் போகும் காற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலைக் கூட்டுவதுதான் சோக்கின் வேலை. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் புகை விதிகள் இறுகியபோது, கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. 1998இல் வந்த சான்ட்ரோ, அதன் பிறகு வந்த வேகன்ஆர், ஆல்டோ எல்லாம் இந்த ரகம். இவற்றில் இழுப்பதற்கு சோக் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று ஈசியு எனும் குட்டிக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

அந்த முடிவு சரியாக நிறைவேற ஐந்து விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். போதுமான கரண்ட், அழுத்தத்தோடு பெட்ரோல், அளவான காற்று, சரியான வெப்பநிலைத் தகவல், வலுவான ஸ்பார்க். இன்ஜின் சூடாக இருக்கும்போது இவற்றில் ஒன்று கொஞ்சம் சொதப்பினாலும் சமாளித்துவிடும். குளிர்ந்திருக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. 15, 20 வயதான கார், குறையை முதலில் காலையில் காட்டுவது இதனால்தான்.

முதலில் காது கொடுங்கள்

எந்தச் சோதனைக்கும் முன்னால், நாளைக் காலை முதல் ஸ்டார்ட்டை போனில் வீடியோ எடுங்கள். டேஷ்போர்டு தெரிய வேண்டும், சத்தம் பதிவாக வேண்டும். பிறகு அதைக் கேட்டு, கீழே உள்ளவற்றில் எது உங்கள் கார் என்று பாருங்கள்.

செல்ஃப் சுற்றவே இல்லை, ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் அல்லது மயான அமைதி: பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார். பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம்.

செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் சோம்பலாக: பெரும்பாலும் பேட்டரி, இல்லையென்றால் அதன் கனெக்‌ஷன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் நீண்ட நேரம் கழித்தே பிடிக்கிறது: பெட்ரோல் அழுத்தம், வெப்பநிலை சென்சார், ஸ்பார்க்.

உடனே பிடிக்கிறது, இரண்டு மூன்று விநாடியில் அணைந்துவிடுகிறது: காற்று போகும் வழி. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு கண்சிமிட்டினால், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர்.

பிடித்துவிடுகிறது, ஆனால் ஒரு நிமிடம் உதறி உதறி ஓடுகிறது: பிளக், ஒழுகும் இன்ஜெக்டர், எங்கோ விரிசல் விட்ட ரப்பர் ஹோஸ்.

இன்னொரு குறிப்பும் முக்கியம். ஆர்பிஎம் முள் இருக்கும் கார் என்றால், செல்ஃப் சுற்றும்போது அந்த முள்ளைப் பாருங்கள். பல கார்களில் அது லேசாக எழும்ப வேண்டும். சுற்றியும் அது அசையவே இல்லையென்றால், இன்ஜின் சுற்றுவதை ஈசியு-வுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் போகலாம்.

முதல் காலை: பேட்டரியைக் கேளுங்கள்

“செல்ஃப் சுத்துதே, அப்போ பேட்டரி ஓகேதானே?” இதுதான் பலரும் ஏமாறும் இடம். செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்குத் தெம்பு இருந்தும், அந்த நேரத்தில் ஈசியு, பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் மூன்றுக்கும் கொடுக்கப் போதாமல் போகலாம். மற்ற எல்லாச் சோதனைகளின் முடிவையும் வீக்கான பேட்டரி குழப்பிவிடும். அதனால்தான் இது முதலில்.

காலையில் கதவைத் திறந்து மூடும் விளக்கெல்லாம் அணைந்த பிறகு, மல்டிமீட்டரை பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12.0 அளவுக்கு வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், முதலில் சார்ஜ் செய்யுங்கள்.

அடுத்து, வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் இறங்கும். 9.6க்குக் கீழே போனால் பேட்டரியோ அதன் கனெக்‌ஷனோ பலவீனம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சரியாக சார்ஜ் செய்கிறது.

பேட்டரி புதிது, ஆனாலும் காலையில் இறங்கிவிடுகிறதா? கார் நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட்டைக் குடிக்கிறது. வெளியில் போட்ட மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி ஆகியவை வழக்கமான ஆட்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் ஹவர். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு நாளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காலியாகிவிடும். ‘ஒர்க் ஃப்ரம் ஹோம்’ முடிந்து திங்கட்கிழமை காலையில் மட்டும் கார் படுத்துவிடுவதன் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதையும், பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் வயரின் முனையையும் சுத்தம் செய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை.

இரண்டாம் காலை: சாவியை மூன்று முறை திருப்புங்கள்

பேட்டரி பாஸ். அடுத்தது பெட்ரோல். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். டேங்குக்குள் இருக்கும் பம்ப், பைப்பில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. சத்தமே இல்லையென்றால் பம்பைக் குறை சொல்லும் முன் ஃப்யூஸையும் ரிலேவையும் பாருங்கள்.

சத்தம் வருகிறதா? இப்போது ஸ்டார்ட் செய்யாமல் சாவியை அணையுங்கள். மறுபடி ஆன், மூன்று விநாடி, ஆஃப். இப்படி மூன்று முறை. நாலாவது முறை ஸ்டார்ட் செய்யுங்கள். வழக்கமாக எட்டு விநாடி இழுக்கும் கார் இன்று சட்டென்று பிடித்துவிட்டால், உங்களுக்குப் பெரிய துப்பு கிடைத்துவிட்டது.

காரணம் இதுதான். பைப்பில் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்க வேண்டும். மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும். இன்ஜினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் உடனே இறங்காமல் பார்த்துக்கொள்ள பம்பில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. அது தேய்ந்தாலோ, ரெகுலேட்டர் கசிந்தாலோ, இன்ஜெக்டர் ஒழுகினாலோ இரவோடு இரவாக பைப் காலியாகிவிடும். காலையில் அதை மறுபடி நிரப்பத்தான் அத்தனை நேரம் இழுக்கிறது. சாவியை மூன்று முறை திருப்பியபோது நீங்கள் அதை முன்கூட்டியே நிரப்பிவிட்டீர்கள்.

மறுநாள் இந்த வித்தை இல்லாமல் வழக்கம்போல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். பழைய இழுவை திரும்பி வந்தால் சந்தேகம் உறுதி. இப்போது மெக்கானிக்கிடம் “பம்ப் மாத்துங்க” என்று சொல்ல வேண்டாம். “பிரஷர் கேஜ் போட்டு, ஆஃப் பண்ணின பிறகு பிரஷர் எங்கே இறங்குதுன்னு பாருங்க” என்று சொல்லுங்கள். பம்ப், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் மூன்றின் விலையும் வேறு. குற்றவாளி எது என்று தெரியாமல் மூன்றையும் மாற்றுவது வீண் செலவு.

இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். பெட்ரோல் பைப்பைக் கழற்றினால் அழுத்தத்தோடு பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும்.

மூன்றாம் காலை: ஆக்சிலரேட்டர் சொல்லும் சேதி

எம்பிஎஃப்ஐ காரை ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டரைத் தொடவே கூடாது. அதுதான் விதி. இன்று ஒருநாள் மட்டும் அந்த விதியை மீறுங்கள்.

ஆக்சிலரேட்டரை ரொம்ப லேசாக, நாலில் ஒரு பங்குகூட இல்லாமல், அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்படிச் செய்தால் உடனே பிடிக்கிறது, காலை எடுத்தால் அணைகிறது என்றால் காற்றுக்கான வழி அடைபட்டிருக்கிறது. கால் வைக்காதபோது இன்ஜினுக்குத் தேவையான காற்றை விடுவது ஐடில் வால்வு. குளிர்ந்த இன்ஜினில் அது கூடுதலாகத் திறந்து ஆர்பிஎம்மை 1,200, 1,500 என்று ஏற்றி வைக்க வேண்டும். சூடேறியதும் 800, 900க்கு இறங்க வேண்டும். வருடக்கணக்கில் படியும் கார்பன் இந்த வால்வையும் த்ராட்டில் பாடியையும் அடைத்துவிடும். பெரும்பாலும் புதிதாக வாங்கத் தேவையில்லை. இதற்கென்றே இருக்கும் கிளீனர் ஸ்ப்ரேயால் சுத்தம் செய்தால் பல கார்கள் சரியாகிவிடும்.

லேசாக அழுத்தியும் பலனில்லை, பெட்ரோல் நாற்றமும் வருகிறதா? ஒரு நிமிடம் விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பல கார்களில் அப்போது ஈசியு, ‘உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது போல’ என்று புரிந்துகொண்டு இன்ஜெக்டர்களை நிறுத்திவிடும். உள்ளே தேங்கிய பெட்ரோல் காற்றோடு வெளியேறும். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனால் உங்கள் காரின் நோய் பெட்ரோல் பற்றாக்குறை இல்லை, பெட்ரோல் மிகுதி. பிடித்த மறுநொடியே காலை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த இன்ஜினை உறுமவிடக் கூடாது.

பெட்ரோல் குறைவா, அதிகமா என்று தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. இரண்டுக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றுதான், வைத்தியம் நேர் எதிர்.

நான்காம் காலை: பொய் சொல்லும் வெப்பநிலை சென்சார்

இந்தக் கோளாறில் அதிகம் கவனிக்கப்படாத ஆள் இவர்தான். கூலன்ட் எவ்வளவு சூடு என்று ஈசியு-வுக்குச் சொல்லும் சின்ன சென்சார். பித்தளைத் தலையும் இரண்டு பின்னும் கொண்ட பொருள். பம்ப்போடு ஒப்பிட்டால் விலையும் குறைவு.

இன்ஜின் 25 டிகிரியில் இருக்கிறது. சென்சார் ‘80 டிகிரி’ என்று பொய் சொன்னால்? ஈசியு அதை நம்பி, சூடான இன்ஜினுக்கு உரிய சொற்ப பெட்ரோலைத்தான் விடும். காலையில் கார் பிடிக்காது. மதியம், இன்ஜின் நிஜமாகவே 80 டிகிரியில் இருக்கும்போது பொய்யும் உண்மையும் ஒன்றாகிவிடும். கார் சமர்த்தாக ஓடும். மறுபக்கம், சூடான இன்ஜினைக் குளிர் என்று சொன்னால் பெட்ரோல் அதிகமாகக் கொட்டும். மைலேஜ் விழும், கறுப்புப் புகை வரும், வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாது.

“டெம்பரேச்சர் முள் சரியாத்தானே காட்டுது?” என்று கேட்கலாம். பல பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியு-வுக்கு வேறு சென்சார். முள் சரியாக இருப்பது மற்றதற்கு உத்தரவாதம் ஆகாது.

சோதிப்பது எளிது. ஸ்டார்ட் செய்யும் முன், சாவி ஆஃபில் இருக்கும்போது, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். பல சென்சார்கள் 25 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும். சூடு ஏற ஏற இது குறையும். 90 டிகிரியில் சில நூறு ஓமுக்கு வந்துவிடும். காலையிலேயே சில நூறு ஓம் காட்டினால் சென்சார் போய்விட்டது. உங்கள் மாடலுக்கான துல்லியமான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சென்சார் சரியாக இருந்தும் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் தகவல் கெட்டுத்தான் போகும். அதையும் பாருங்கள்.

இரண்டாம் காலையின் கோளாறையும் இதையும் பிரித்துக் காட்டும் ஒரு கேள்வி உண்டு. கார் எவ்வளவு நேரம் நின்றால் பிரச்சினை வருகிறது? இன்ஜின் இன்னும் சூடாக இருக்கும்போதே, இரண்டு மணி நேரம் நின்றதற்கே கொஞ்சம் இழுக்கிறது, இரவு நின்றால் அதிகம் இழுக்கிறது என்றால் அழுத்தக் கசிவு. கோடையில் பரவாயில்லை, மார்கழியில் மோசம் என்றால் சென்சார் மீது சந்தேகம் வையுங்கள்.

ஐந்தாம் காலை: ஸ்பார்க்கும் ஈரமும்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மறுநாள் மட்டும் கார் மக்கர் செய்கிறதா? பெட்ரோல் பக்கம் போகாதீர்கள். பிளக் ஒயரின் ரப்பர் வெடித்திருந்தாலோ, டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களில் அதன் மூடிக்குள் ஈரம் இறங்கியிருந்தாலோ, ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்பில் பாய்ந்துவிடும். இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், ஒயர்களில் நீலப் பொறி மின்னுவது கண்ணுக்கே தெரியும். தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் ஒயர் அது, கை வைக்கக் கூடாது.

மழை இல்லாத காலையிலும் தொல்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தெரியாவிட்டால் மெக்கானிக்கைக் கழற்றச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. இழுத்துக்கொண்டே இருந்த பிறகும் காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. நாலு பிளக்கில் ஒன்று மட்டும் நனைந்திருந்தால் அந்த சிலிண்டரின் பிளக், ஒயர், இன்ஜெக்டர் என்று தேடும் இடம் சுருங்கிவிடும்.

ஐந்தும் பாஸ் ஆகியும் பிரச்சினை தீரவில்லையா? கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட். பிஸ்டன் ரிங்கும் வால்வும் தேய்ந்த இன்ஜின், குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரியாக அழுத்தாது. ஒரு சிலிண்டரின் அளவு குறைவாக இருந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அது பெரிய செலவு. அங்கே போவதற்கு முன் மேலே சொன்ன அனைத்தையும் தாண்டியிருக்க வேண்டும்.

ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடாதா?

தெரியலாம். இந்தியாவில் 2013 ஏப்ரலில் ஓபிடி-2 விதி வந்தது. அதற்குப் பிந்தைய கார்களில் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரும் ஒரு போன் ஆப்பும் போதும். முந்தைய கார்களில் பலவற்றுக்கு அந்தக் கம்பெனிக்கே உரிய ஸ்கேனர் வேண்டியிருக்கும்.

ஆனால் ஸ்கேனருக்கும் எல்லை உண்டு. சென்சார் முழுதாகச் செத்துப்போனால்தான் கோளாறு எண் பதிவாகும். 25 டிகிரியை 70 என்று சொல்லும் சென்சாரை ஈசியு நம்பிவிடும், எந்த விளக்கும் எரியாது. பைப்பில் அழுத்தம் இறங்குவதும் பழைய கார்களில் பெரும்பாலும் பதிவாகாது. ஸ்கேனர் கையில் இருந்தால் இதைச் செய்யுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் லைவ் டேட்டாவில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற காரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 20, 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒன்று பொய் சொல்கிறது.

இ20 பெட்ரோல்தான் காரணமா?

2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இப்போது பரவலாகிவிட்டது. எத்தனாலை ஆவியாக்க, பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் தேவை என்பது உண்மை. எத்தனாலில் கார் ஓட்டிய பிரேசிலில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே குட்டி பெட்ரோல் டேங்க் ஒன்றைத் தனியாக வைத்தார்கள். ஆனால் இ20-இல் எளிதில் ஆவியாகும் பெட்ரோல் 80 சதவீதம் இருக்கிறது. 25 டிகிரி காலையில் ஒரு நல்ல இன்ஜின் இதில் ஸ்டார்ட் ஆகத் திணறக் கூடாது.

பழைய காருக்கு வரும் சிக்கல் வேறு வழியில் வருகிறது. எத்தனாலுக்காக வடிவமைக்கப்படாத ரப்பர் ஹோஸும் சீலும் காலப்போக்கில் கெடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிற்கும் காரின் டேங்கில் தண்ணீர் சேரலாம். எனவே ‘எல்லாம் எத்தனால் செய்த வேலை’ என்று சோதனையை விட்டுவிடாதீர்கள். பெட்ரோல் ஃபில்டரையும் ஹோஸ்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் கிட் போட்ட கார் என்றால் பெட்ரோல் பக்கமே மறந்துபோயிருக்கும். டேங்கில் கிடப்பது எத்தனை மாதத்துப் பெட்ரோல் என்று யோசியுங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூடாகி எரிந்துபோகலாம்.

தினமும் தள்ளி ஸ்டார்ட் செய்வதை வழக்கமாக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது கடைசி கறுப்பு கிளிப்பை, செத்த பேட்டரியின் டெர்மினலில் மாட்டாமல், இன்ஜினின் வெற்று இரும்பில் மாட்டுங்கள். பொறி பறந்தாலும் பேட்டரிக்குத் தள்ளிப் பறக்கும்.

ஒரே நாளில் இரண்டு பாகங்களை மாற்றாதீர்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

“காலையில ஸ்டார்ட்டிங் ட்ரபிள்” என்பது புகார், தகவல் இல்லை. வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்புங்கள்: “ராத்திரி நின்னா எட்டு செகண்ட் இழுக்குது. பேட்டரி 12.6, செல்ஃப் அடிக்கும்போது 10.5. சாவியை மூணு தடவை ஆன் பண்ணிட்டு அடிச்சா உடனே பிடிக்குது. புகை இல்லை. மழைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.” கூடவே அந்த வீடியோ. நல்ல மெக்கானிக் இதைப் பார்த்தவுடன் எங்கே கை வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார்.

பிறகு காரை முந்தைய நாள் மாலையே அங்கே விட்டுவிடுங்கள். “காலையில முதல் ஸ்டார்ட் நீங்களே போடுங்க, அதுக்கு முன்னாடி யாரும் எடுக்க வேணாம்” என்று சொல்லுங்கள். அப்போது சாட்சி இரண்டு பேர்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. காலையில் சீக்கிரமாகப் போங்கள். கைகுலுக்கும் முன் பானெட்டின் மீது கை வையுங்கள். அது சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே அன்றைய முதல் ஸ்டார்ட்டைப் போட்டுவிட்டார்கள். வெறும் டெஸ்ட் டிரைவாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அன்றைக்கு விலை பேசாதீர்கள். “நாளைக்குக் காலையில வர்றேன், எடுக்காம வைங்க” என்று சொல்லிவிட்டு, மறுநாள் சாவியை நீங்களே வாங்கித் திருப்புங்கள்.